பதினோராவது கையெழுத்து

மாணவியர் விடுதி, காட்டூர்
10.11.2024, ஞாயிறு

அன்புள்ள ஜோதி,

தீபாவளி லீவு முடிந்து எல்லாரும் வந்துவிட்டோம். நீ மட்டும் வரவில்லை. உனக்கு வயிற்று வலி என்று உன் அப்பா போனில் சொன்னதாக வார்டன் வேதவதி மிஸ் சொன்னார்கள். ஒரு வாரமாகவா வயிற்று வலி? டாக்டரிடம் காட்டினீர்களா?

இங்கே நமக்கு போன் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போனில் அப்பா அம்மாவோடு ஐந்து நிமிஷம்தான் என்பது உனக்கே தெரியும். உன் வீட்டு நம்பருக்கு ஒரே ஒரு தடவை பேசிக்கொள்கிறேன் என்று கேட்டேன். "ஒருத்திக்கு விட்டா நாப்பது பேரும் கேப்பீங்க" என்று மிஸ் மறுத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். தமிழ்ப் பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு எழுதியதைத் தவிர, உண்மையான ஒரு ஆளுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. தப்பு இருந்தால் சிரிக்காதே.

லீவில் ஸ்ரீரங்கத்தில் பக்கத்து வீட்டு மாமி, "செலக்‌ஷன் ஸ்கூல் எப்படிடி இருக்கு?" என்று கேட்டார். மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் எல்லாம் பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்த நாற்பது பெண்கள், ஒவ்வொருத்தியும் அவரவர் ஊரில் முதல் மார்க், இங்கே வந்ததும் முப்பத்தொன்பது பேர் முதல் மார்க் இல்லாதவர்களாகிவிட்டோம் என்றேன். மாமி விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

வகுப்பில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. திங்கட்கிழமை போர்டில் ரேங்க் எழுதுகிறார்கள். புதன்கிழமை தமிழில் பேசினால் பெயர் எழுதுகிறார்கள். உன் கட்டிலில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள், எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ மாலைப் படிப்புக்கு உட்கார்ந்திருந்த ஸ்டோர் ரூமில் இப்போது உடைந்த நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்கள். உன்னை அங்கே மாற்றியது உனக்குக் கஷ்டமாக இருந்ததா? நீ ஒன்றும் சொல்லவே இல்லையே.

கணக்கு நோட்ஸ் ஆறு பக்கம் இதோடு வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா.

உன் பெஞ்சுத் தோழி,
சுப்ரஜா

*

திருவெள்ளறை
16.11.2024

சுப்ரஜாவுக்கு,

நோட்ஸ் வந்தது. நாலாம் பக்கத்தில் இரண்டாவது கணக்கில் மைனஸ் குறி விட்டுப்போயிருக்கிறது.

எனக்கு வயிற்று வலி இல்லை. வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். நான் இனி அங்கே வருவதாக இல்லை. மண்ணச்சநல்லூரில் பழைய பள்ளிக்குப் போய்க் கேட்டேன், டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது என்றார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்ன பிறகு அவர் வந்து வாங்கிக்கொள்வார்.

நோட்ஸ் அனுப்ப வேண்டாம். கட்டிலில் யார் வேண்டுமானாலும் துணி காயப்போடட்டும்.

ஜோதி

*

காட்டூர்
20.11.2024

ஜோதி,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எட்டு வரிதான் இருந்தது, அதற்கே நாலு தடவை.

வர மாட்டாய் என்றால் என்ன அர்த்தம்? நீ நுழைவுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. நான் காத்திருப்போர் பட்டியலில் கடைசிப் பெயராக இருந்து, யாரோ ஒரு பெண் வேண்டாம் என்று போனதால் உள்ளே வந்தவள். போக வேண்டும் என்றால் நான் அல்லவா போக வேண்டும்?

வேதவதி மிஸ்ஸிடம் மெதுவாக விசாரித்தேன். அரையாண்டு லீவு வரைக்கும்தான் உன் இடத்தை வைத்திருப்பார்களாம். ஜனவரி இரண்டாம் தேதி பள்ளி திறக்கிறது. அன்றைக்கும் நீ வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த வாரம் போர்டில் நான் முப்பத்து நாலு. போன மாதம் இருபத்திரண்டு. கணக்கில்தான் விழுந்திருக்கிறேன். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. நீ ஒவ்வொரு கேள்வியையும் இங்கிலீஷில் படித்து, வாய்க்குள்ளேயே தமிழில் சொல்லிப் பார்த்து, பிறகுதான் போடுவாய். "இது கேட்கிறது என்னன்னா", "அப்ப இந்தப் பக்கம் இருக்கறதை அந்தப் பக்கம் கொண்டு போனா" என்று பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டேதான் நானும் போட்டிருக்கிறேன். இப்போது படிப்பு ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கிறது. கேள்வி மட்டும் புரியவில்லை.

சாப்பாட்டில் நான் தேவதர்ஷினி மேஜையில்தான் உட்கார்கிறேன். முதல் பத்து ரேங்க் மேஜை என்று நாம் சொல்வோமே, அது. அங்கே எல்லாரும் நேற்று எத்தனை பாடம் முடித்தோம் என்று பேசிக்கொள்வார்கள். எந்தப் புத்தகத்திலிருந்து என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் சாம்பார் வாளியை நகர்த்திக்கொடுக்கிறேன்.

ஏன் வரவில்லை என்று ஒரு வரியாவது எழுது.

சுப்ரஜா

*

திருவெள்ளறை
26.11.2024

சுப்ரஜா,

இங்கே எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

காலையில் அம்மாவோடு களை எடுக்கப் போகிறேன். இடுப்பு விட்டுப் போகிறது. வயலில் யாரும் யாரையும் வாயை மூடு என்று சொல்வதில்லை. நான் வாய்க்குள் பேசிக்கொண்டே களை எடுத்தால், பக்கத்து வரிசை அக்கா, "யாருகிட்டடி பேசிக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார். அதற்காக அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்காதே. பிடிக்கவில்லை.

பழைய பள்ளிப் பெண்கள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது எதிரே போனேன். சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி, "செலக்‌ஷன் ஸ்கூல்ல இப்ப லீவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அங்கே நான் பட்டிக்காடு, இங்கே நான் செலக்‌ஷன் ஸ்கூல்.

அப்பாவைப் பற்றி உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் லோடுமேன். எனக்கு இடம் கிடைத்தபோது அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து மில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். என் போட்டோ, கீழே "லோடுமேன் பிச்சமுத்துவின் மகள்" என்று கொட்டை எழுத்தில். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நான் வீட்டில் இருப்பதை அப்பா அங்கே யாரிடமும் சொல்லவில்லை. நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "டவுனுக்குப் போனா மில்லுத் தெரு வழியா போகாத, ஜோதி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வயிற்று வலி எப்படி இருக்கிறது என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை.

இனி நான் ஒன்று கேட்கிறேன், நீ பதில் எழுது. என்னை ஸ்டோர் ரூமுக்கு மாற்றச் சொல்லி வார்டனிடம் ஒரு பேப்பர் கொடுத்தார்களே. அதில் எத்தனை கையெழுத்து இருந்தது?

ஜோதி

*

காட்டூர்
1.12.2024, ஞாயிறு

ஜோதி,

பதினொன்று.

இதற்கு மேல் எழுத முடியாமல் இரண்டு நாளாகப் பேப்பரை மடித்து மடித்து வைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

அக்டோபர் ஏழாம் தேதி. எழுதியது தேவதர்ஷினி. இங்கிலீஷில், அழகாக. படிப்பு நேரத்தில் ஒரு மாணவி தொடர்ந்து முணுமுணுப்பதால் மற்றவர்களின் கவனம் சிதறுகிறது, அவரைத் தனி இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று. பத்துப் பேர் போட்டிருந்தார்கள். அஃபீஃபாவிடம் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். கடைசியாக என்னிடம் வந்தார்கள். "நீதான் அவ பக்கத்துல உக்கார்ற. நீ போடலேன்னா மிஸ் நம்ப மாட்டாங்க" என்றாள் தேவதர்ஷினி. அவள் மிரட்டவில்லை ஜோதி. நோட்ஸ் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அன்று மதியம்தான் அவர்கள் என்னை முதன்முதலாகத் தங்கள் மேஜைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து நான்கு மாதம் நீயும் நானும் தண்ணீர்க் குழாய் பக்கத்து மேஜையில் சாப்பிட்டோம். நீ சாப்பாட்டில் பேச மாட்டாய். நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டியலில் கடைசியாக வந்தவள் என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று எனக்கு எப்போதும் பயம். அவர்களோடு உட்கார்ந்தால் தெரியாது என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன்.

உன் முணுமுணுப்பு எனக்கு ஒரு நாளும் தொந்தரவாக இருந்ததில்லை. மற்ற பத்துப் பேருக்கு அது உண்மையாகவே தொந்தரவாக இருந்திருக்கலாம். என் கையெழுத்துதான் முழுப் பொய்.

உனக்குத் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுப்ரஜா

*

திருவெள்ளறை
9.12.2024

சுப்ரஜா,

எனக்கு அன்றைக்கே தெரியும். மிஸ் என்னைக் கூப்பிட்டுப் பேசும்போது பேப்பர் மேஜை மேல்தான் இருந்தது. தலைகீழாக இருந்தாலும் உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

நான் வராமல் இருப்பது அந்தக் கையெழுத்துக்காக இல்லை. அதையும் தெரிந்துகொள். ஆறாம் வகுப்பிலிருந்து யார் யாரோ என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள், அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்தேன். நீ வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். மூன்று வாரம். தினமும் தண்ணீர் குடிக்கப் போகும்போது அந்தக் கதவுப் பக்கம் நிற்பாய். நாலாவது நாள் என்று நினைக்கிறேன், எட்டிப் பார்த்து, "உள்ளே ஃபேன் இருக்கா ஜோதி?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். "அப்பப் பரவாயில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த ஃபேன் ஓடவில்லை. நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு பஸ் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி எழுதாதே.

ஜோதி

*

காட்டூர்
22.12.2024, ஞாயிறு

ஜோதி,

எழுதாதே என்று சொல்லிவிட்டாய். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. இங்கே நடந்தது உன்னைப் பற்றியது, உனக்குத் தெரிய வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் மதியம் வேதவதி மிஸ்ஸின் அறைக்குப் போனேன். என் கையெழுத்து பொய் என்றேன். மிஸ்ஸுக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பேப்பரை எடுக்கச் சொல்லி, என் பெயரைக் காட்டி, "ஜோதி பேசினது எனக்குத் தொந்தரவா இல்ல மிஸ். நான் பொய்யா போட்டேன்" என்றேன்.

"ரெண்டு மாசம் கழிச்சு வந்து சொல்ற?"

"ஆமா மிஸ்."

மிஸ் பேப்பரை மறுபடி படித்தார்கள். "பக்கத்துல உக்கார்றவளே போட்டிருக்காளேன்னுதான் நான் வேற யாரையும் கேக்கல. அந்தப் பொண்ண உக்கார வெச்ச ரூமைக்கூட நான் போய்ப் பாக்கல" என்றார்கள். என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். உனக்கு வயிற்று வலி இல்லை என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். உன் அப்பாவுக்கு அவர்களே ஒரு கடிதம் போட்டிருக்கிறார்கள். வந்திருக்கும்.

சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்கு அந்த மேஜையில் என் இடத்தில் ஒரு பையை வைத்திருந்தார்கள். தேவதர்ஷினி மட்டும் பேசினாள். "எங்க பத்து பேரையும் கெட்டவங்களாக்கிட்டு நீ மட்டும் நல்லவளாயிட்ட" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளுக்கு உண்மையாகவே கவனம் சிதறியது. போர்டில் ஒன்றிலிருந்து மூன்றுக்கு இறங்கினால் அவள் அந்த நாள் முழுக்கச் சாப்பிட மாட்டாள், நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது தண்ணீர்க் குழாய் பக்கத்து மேஜையில் தனியாகச் சாப்பிடுகிறேன். இரண்டு நாளைக்கு முன் அஃபீஃபா தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். "நீயாவது அன்னைக்கே மாட்டேன்னு சொன்ன" என்றேன். "நான் கையெழுத்து போடல, அவ்ளோதான். போய் மிஸ்கிட்ட சொல்லவும் இல்லையே" என்றாள். பிறகு இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். நீ திரும்பி வந்தால் இந்த இடம் மாறியிருக்கும் என்று நினைத்து வராதே. போர்டு அப்படியேதான் இருக்கிறது. புதன்கிழமையும் அப்படியேதான். உன்னை ஹாலிலேயே உட்கார வைப்பதாக மிஸ் சொல்லியிருக்கிறார்கள், அது மட்டும்தான் புதிது. வந்தால் சிலர் உன்னை வேறு விதமாகப் பார்ப்பார்கள். என்னால் வந்த வம்பு அது.

செவ்வாய்க்கிழமை ஸ்ரீரங்கம் போகிறேன். கோயிலில் வைகுண்ட ஏகாதசி வேலை தொடங்கிவிட்டதால் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அம்மா போனில், "உன் ஃப்ரெண்ட் ஜோதியையும் லீவுக்கு அழைச்சுண்டு வாயேன்" என்றாள். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை. நீ பிஸியாக இருக்கிறாய் என்றேன். வீட்டு விலாசம் கவரின் பின்பக்கம் இருக்கிறது.

நீ என்னை மன்னிப்பாயா என்று கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன்.

சுப்ரஜா

*

திருவெள்ளறை
28.12.2024

சுப்ரஜா,

பள்ளியிலிருந்து அப்பாவுக்கு வந்த கடிதத்தை நான்தான் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. அப்பாவுக்கு என் பெயரும் பஸ் போர்டும் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். வயிற்று வலி பொய் என்பதும் ஸ்டோர் ரூமும் எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு பத்தியை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று நினைத்தேன். படித்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் காட்டூருக்கு வந்திருக்கிறார். லீவு விட்டுவிட்டதால் வாட்ச்மேன் மட்டும்தான் இருந்திருக்கிறார். கெஞ்சிக் கேட்டு வகுப்பு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து என்னிடம், "கதவுல எல்லா புள்ளைங்க பேரும் ஒட்டியிருக்கு. ஒம் பேரும் இருக்கு. யாரும் கோடு போட்டு அடிக்கல" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "மில்லுல சொல்லிட்டேன்" என்றார்.

"என்னன்னுப்பா?"

"மக ரெண்டு மாசமா வீட்டுலதான் இருக்குன்னு. பிளெக்ஸ கழட்டிரலாம்யான்னேன். கெடக்கட்டும், வெயிலுக்கு நெழலா இருக்குன்னானுங்க." சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது. பிறகு, "நீ இனி எந்தத் தெருவுல வேணாலும் போ. அங்க போறதும் போவாததும் ஒன் இஷ்டம். எனக்காகப் போவாத, எனக்காக நிக்காத" என்றார்.

இரண்டு நாள் யோசித்தேன். இந்த இரண்டு மாதத்தில் கணக்குப் புத்தகத்தை நானாகவே வெக்டர் வரைக்கும் போட்டு முடித்துவிட்டேன். லிமிட்ஸில் நின்றுவிட்டது. ஒரே கணக்கை ஒன்பது தடவை போட்டேன். இந்த ஊரில் அதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. பழைய பள்ளியில் கணக்கு சார் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தக் கணக்கு வராமல் என்னால் இருக்க முடியவில்லை. அதனால் வருகிறேன். வேறு எதற்காகவும் இல்லை. எனக்கு அங்கே பிடித்த ஆள் என்று ஒருத்தியும் இல்லை என்று தெரிந்துதான் வருகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்குத் தெரியவில்லை. நீ மிஸ்ஸிடம் போய்ச் சொன்னது நல்ல காரியம். சொல்லிவிட்டாய் என்பதால் எனக்கு அந்த மூன்று வாரம் இல்லாமல் போய்விடாது. ஹாலில் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். அஃபீஃபா பக்கத்தில் இடம் கேட்டு மிஸ்ஸுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். நீ கணக்கை நீயே படித்துப் புரிந்துகொள்ளப் பழகு, உன்னால் முடியும். காத்திருப்போர் பட்டியலை நீ மட்டும்தான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். மற்ற யாருக்கும் அது ஞாபகமே இருக்காது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். விடுதிக்குள் ஆண்களை விட மாட்டார்கள், அப்பா கேட்டோடு நின்றுவிடுவார். இந்தத் தடவை பெட்டி நிறையப் புத்தகம். இரண்டு மாடிக்கு என்னால் தனியாகத் தூக்க முடியாது. கேட்டுக்கு வந்து ஒரு பக்கம் பிடி. ஏறும்போது பேச வேண்டாம். பிடித்தால் போதும்.

ஜோதி